இறந்தவராகக் கொள்ளுதல்

வடக்கே தலைநகரில், கிட்வாய் நகரின் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அரசாங்கக் குவார்ட்டர்களில் என்னோடு வளர்ந்த நீங்கள் இன்று ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கட்டடங்கள் இப்போது இல்லை. நாவல் மரங்களில் எத்தனை மிஞ்சின என்று தெரியவில்லை. ஆகவே நான் சொல்வதைச் சரிபார்க்க உங்களுக்கு உங்கள் நினைவை விட்டால் வேறு வழி கிடையாது.

நான் பல வருடங்களாகத் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். கண்டதை ஒரு பத்தியிலும், கண்டதை வைத்து ஊகித்ததை அடுத்த பத்தியிலும் எழுதுவது என் வழக்கம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நான் சொல்லப்போகும் கோடைக்கு நாட்குறிப்பு இல்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இருந்தாலும் அதே ஒழுங்கில் சொல்லப் பார்க்கிறேன். இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்டால், காரணம் சுலபமானது. இந்தக் கதையில் வரும் அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

நம் வீடுகளில் தமிழ் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதைத் திருநெல்வேலி வீடுகளில் துட்டி கேட்பது என்பார்கள். ஆங்கிலம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஆபீஸ் ஆங்கிலம். என் அப்பா அதில் கெட்டிக்காரர். ஆபீஸில் அவர் வேலையே கடிதங்களுக்கு வரைவு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். லீவு விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், காஸ் இணைப்பை மாற்றக் கேட்டு ஒரு மனு. அப்பா வாசகத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். ஒரு வினைச்சொல் சரியாக உட்கார்ந்துவிட்டால், பேனாவை மூடித் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

பக்கத்து வீட்டில் அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை. திருநெல்வேலிக்காரி. என் அப்பாவை அண்ணாச்சி என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனவள். அவள் மகள்தான் அக்கா. முறைப்படி அவளை மதினி என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது.

அத்தையின் கணவர் ஒரு நாள் காலையில் ஆபீஸுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது எனக்கு ஐந்து வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. நாலடுக்கு டிபன் கேரியரில் மூன்று அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வெயில் காலம், ரசம் வேண்டாம் என்றாராம். மிஞ்சிய அந்த ஓர் அடுக்கில் அத்தை பித்தான்களும் ஊக்குகளும் போட்டு வைத்திருந்தாள். அக்கா பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அதைத் திறந்து கொட்டுவாள். அத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போடுவாள்.

அந்தக் காலத்து டிவியில் மாலையில் காணாமல் போனவர்களின் படங்களைக் காட்டுவார்களே, உங்களுக்கும் நினைவிருக்கும். அசையாத ஒரு முகம், பின்னால் ஒரு பெண் குரல்: பெயர், வயது, உயரம், நிறம். அத்தையின் கணவர் படமும் ஒருமுறை வந்ததாம். நிறம் கோதுமை என்று ஹிந்தியில் சொன்னார்களாம். போலீஸ் தாணாவில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு, எல்லோருக்கும் போடுவதையே இவருக்கும் போட்டுவிட்டார்.

"அவிய அட்டக் கறுப்புல்லா மதினி," என்று அத்தை வருடக்கணக்கில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோதுமைன்னு சொன்னா எவன் கண்டுபிடிப்பான்? பக்கத்துலயே நின்னாலும் தாண்டிப் போயிருவானே."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அம்மா சிரிக்கலாமா என்று தெரியாமல் விழிப்பாள்.

ஏழு வருடம் முடிந்த கோடை அது. கூலரின் வைக்கோல் நனைந்த வாடை வீடு முழுக்க இருந்தது. வெளியே அனல் காற்று மூங்கில் தட்டியைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அத்தையைக் குவார்ட்டரில் இத்தனை காலம் இருக்க விட்டதே பெரிய விஷயம் என்றார் அப்பா. மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. கணவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டால், அவர் வேலைக்குப் பதிலாக அக்காவுக்கு அதே ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைக்கும். வீடும் அக்கா பெயருக்கு மாறும். அதற்கு அத்தை மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மனுவின் வரைவைப் படித்தார். அத்தை தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அக்கா கதவில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கூலருக்கு முன்னால் இருந்தேன்.

"பிரஸ்யூம்னா என்ன அண்ணாச்சி?" என்று அத்தை கேட்டாள். "செத்துட்டாவன்னு அர்த்தமா?"

அப்பாவுக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா. செத்துட்டார்னு நாம சொல்லல. நமக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் இந்த வார்த்தைக்கு முக்கியம். ஆனா, உயிரோட இருந்தா யாருக்கு இயல்பாவே தகவல் வந்திருக்குமோ, அவங்களுக்கே இத்தனை வருஷமா ஒண்ணும் வரல. அதைக் காரணமா வச்சு, அப்படின்னு எடுத்துக்கறோம். மாறா ஒண்ணு தெரியவர்ற வரைக்கும்."

"யாருக்கு இயல்பா தகவல் வரும்?"

"உனக்குத்தான். பொண்டாட்டிக்கு வராம?"

அத்தை கூலர் பக்கம் திரும்பினாள்.

"மாறா தெரிய வந்தா?"

"ரத்து. அவரே வந்து வாசல்ல நின்னார்னு வச்சுக்க, அந்த நிமிஷமே ஆர்டர் செல்லாது. வெறுமனே நினைச்சுக்கறதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கு. அதுக்குக் காரணம் வேண்டாம். இது அப்படி இல்ல. ரெண்டு நாளா பால் பாக்கெட் வாசல்லயே கிடக்கு, வீட்ல ஆள் இல்லன்னு பிரஸ்யூம் பண்ணலாம். ஆனா ஜன்னல் வழியா ஆளைப் பாத்துட்டேன்னா, அப்புறம் அந்த வார்த்தையைத் தொடவே முடியாது."

தொடையில் தட்டினார். அத்தை தலையசைத்தாள்.

"அவிய இருக்காவளா இல்லையான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"தெரியாதவங்கதாம்மா இதுல கையெழுத்துப் போடணும்!"

"எனக்கு மனசு வரல."

அக்கா வெடித்துவிட்டாள். "அரே அம்மா, அப்ப எங்க போறதாம்? ரோட்டுலயா?"

"ஊருக்குப் போவோம்."

"ஊர்ல யாரு இருக்கா? எனக்கு அங்க பஸ் போர்டு படிக்கக்கூடத் தெரியாது. சொல்லுங்க மாமா இவங்ககிட்ட. இவங்களுக்கு அப்பா வேணும், நான் வேண்டாம்."

அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அக்கா மட்டும் நின்றாள். கூலர் தண்ணீர் தீர்ந்து கடகடவென்று ஓடத் தொடங்கியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

அன்று அம்மா அடுக்களையில் அப்பாவிடம் கேட்டாள்: "பிரஸ்யூம் பண்ணிட்டா அவ பொட்டு வச்சுக்கலாமா?"

"அதெல்லாம் கோர்ட் பாக்காது."

"கோர்ட் பாக்காது. பிளாக்கே பாக்கும். அவர் மேல உசுரையே வச்சிருக்கா, பாவம்."

அத்தை மறுப்பது கணவர் மேலுள்ள பிரியத்தால் என்று எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள். மேல் வீட்டுக்காரர்கள், எதிர் பிளாக்கின் பஞ்சாபி ஆன்ட்டி, கோவிலில் பார்க்கிறவர்கள். அவர்களுக்குக் காரணம் இருந்தது. மாலையில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அந்த வார்த்தையை நான் பிளாக்குக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கையில் அது என்ன பாடுபட்டது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஐஸ் வண்டிக்காரன் வராவிட்டால் பிரஸ்யூம். கணக்கு டீச்சர் லீவு என்று பிரஸ்யூம். கிரிக்கெட் பந்து வேலிக்கு அப்பால் சாக்கடை நாலாவில் விழுந்தால், தேடுவதற்கு நூறு எண்ணும் வரை நேரம், அதற்குள் கிடைக்காவிட்டால் எல்லோரும் கையைத் தூக்கி, "பிரஸ்யூம்டு டெட்!" என்று கத்துவோம். பிறகு புதுப் பந்து. ஒரு நாள் நான் கத்தித் திரும்பியபோது, அத்தை கையில் பால் தூக்கோடு பின்னால் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று பயந்தேன்.

"பொறவு எப்பமாவது அந்தப் பந்து கிடைச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ஒருதடவை கிடைச்சுது அத்தை. ஆனா ஊறிப்போய், அதை வச்சு விளையாட முடியல."

"ம்," என்று நடந்தாள்.

முதல் மழை பெய்து, நாவல் பழங்கள் நடைபாதையை ஊதாவாக்கத் தொடங்கிய சமயம், அத்தை என்னைச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். வேலை வருகிறதோ இல்லையோ, டைப்பிங் பரீட்சைக்காவது அக்காவிடம் உருப்படியாக ஒரு குர்த்தா வேண்டாமா என்றாள். அக்காவுடன் அப்போது பேச்சு இல்லை. அளவுக்குத்தான் நான், அக்கா ஒல்லி, என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

அங்கே துணிகள் கட்டில் மேல் குவியலாகக் கிடக்கும். பையன்கள் குவியலின் மேலேயே ஏறி நின்று கூவுவார்கள். ஈரத் துணி வாசம், வேர்வை, பொரிந்துகொண்டிருக்கும் உருளைக்கிழங்கு டிக்கி. நெரிசலில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இனி நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

குழந்தைகள் உடுப்புக் குவியலின் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். கறுப்பானவர், நரைத்த மீசை. ரோஸ் நிறத்தில் சின்னக் கவுன் ஒன்றை எடுத்து, விலையை ஹிந்தியில் கேட்டார். நல்ல ஹிந்தி. பிறகு தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை சாண் வைத்து அளந்தார். அளக்கும்போது உதடு அசைந்தது. "ஒண்ணு. ரெண்டு."

அத்தை நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் நிமிர்ந்தார். அத்தையைப் பார்த்தார். ஓடவில்லை, கூப்பிடவில்லை. கவுனைக் கீழே வைக்கவும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். என்னை அப்படி யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. தலையிலிருந்து கால் வரை, கவுனை அளந்ததுபோலவே. பையன் மேலேயிருந்து, "லேனா ஹை க்யா, பாய் சாப்?" என்று, வாங்கப்போகிறாரா இல்லையா என்று கத்தினான். அவர் குனிந்துகொண்டார்.

இது ஊகப் பத்தி. அவர் வீட்டைவிட்டுப் போனபோது அக்காவுக்கு என் வயது, பன்னிரண்டு. அந்தக் கணத்தில் அவருக்கு வருடங்கள் குழம்பியிருக்க வேண்டும். இன்றும் ஏதாவது ஊரில், ஏதாவது கடைவீதியில், யாராவது தமிழில் ஒன்று இரண்டு எண்ணினால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. அந்தப் பார்வை இன்னும் என் மேலிருந்து இறங்கவில்லை.

குர்த்தா வாங்கவில்லை. ரிங் ரோட்டோரமாக நடந்தே வந்தோம். பாதி வழியில் அத்தை கேட்டாள்.

"ஏட்டி, அண்ணாச்சி அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொன்னாவ? திரும்பச் சொல்லு."

அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்: நமக்குத் தெரியாதபோது, ஒரு காரணத்தை வைத்து, அப்படி என்று எடுத்துக்கொள்வது.

"தெரிஞ்சுட்டுன்னா?"

"தெரிஞ்சா அந்த வார்த்தை வராது அத்தை. தப்பாயிடும்."

"தப்பாயிருமோ," என்றாள்.

அன்று மாலை அப்பா ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவக்கூட இல்லை. அத்தை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, எங்கன கையெழுத்துப் போடணும்?"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். அத்தை தமிழில், எழுத்து எழுத்தாக, மெதுவாகப் போட்டாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா ஓடிவந்து அத்தையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "ஸாரிம்மா, ஸாரிம்மா," என்று அழுதாள். அத்தை அவள் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா," என்று அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னார். "ஒரு வார்த்தையைச் சரியா விளக்கிச் சொன்னா போதும். மனசு தானா தெளிஞ்சிடும்." கடைசிவரை அப்பா அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு வழியாகத் தேறிவிட்டாள் என்று பிளாக்கும் பேசிக்கொண்டது. தெரியாமலிருந்த வரை கையெழுத்துப் போட மறுத்தவள், எந்த நாளில் போட்டாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தது என்னவென்று புரியாமல் பார்த்தேன்.

மனு கோர்ட்டுக்குப் போனது. பத்திரிகையில் நோட்டீஸ் வந்தது: இன்னாரை இறந்தவராகக் கொள்ள மனு வந்திருக்கிறது, அவரைப் பற்றி யாருக்காவது தகவல் தெரிந்தால் இந்தத் தேதிக்குள் வந்து சொல்லலாம். யாரும் வர மாட்டார்கள், இது வெறும் சம்பிரதாயம் என்றார் அப்பா. அக்கா தினமும் டைப்பிங் கிளாஸுக்குப் போனாள். இரவல் வாங்கிய குர்த்தாவில் பரீட்சை எழுதித் தேறியும்விட்டாள்.

தேதி முடிய நாலைந்து நாள் இருந்தது. மத்தியானம் பள்ளி விட்டு வந்தேன். அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்ததால், அத்தை வீட்டில் இருந்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தது நான்தான்.

மார்க்கெட்டில் பார்த்தவர். சட்டைப் பையில் மடித்த செய்தித்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"யாருட்டி?" என்று அத்தை வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். அதிக நேரமில்லை. "வாங்க. உள்ள வந்து உக்காருங்க. ஊர்லேருந்து வாறியளா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அவியளைக் கேட்டுத்தான் வந்திருப்பிய," என்றாள் அத்தை. "அவிய இல்ல. ஏழு வருசமாச்சு."

அவர் செய்தித்தாளைத் தொட்டார். "இதுல பாத்தேன்."

"ஆமா, போட்டிருக்கு. யாருக்காவது தெரிஞ்சா வந்து சொல்லணுமாம். இந்த வாரத்தோட முடியுது. அதுக்குப் பொறவு அவிய செத்ததா எடுத்துக்கிடுவாவளாம். அதுக்கு இங்கிலீசுல ஒரு வார்த்தை இருக்கு. ஏட்டி, அது என்னது?"

"பிரஸ்யூம் அத்தை."

"அதுதான். அவியளே வந்து வாசல்ல நின்னா எல்லாம் ரத்தாயிருமாம்."

மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்றது. அத்தையின் குரலில் கோபமில்லை. கடையில் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று சொல்கிற குரல்தான்.

"புள்ள?" என்று கேட்டார்.

"டைப்பிங் பாஸ் பண்ணிட்டா. அவிய இருந்த ஆபீசுலயே வேலை. வீடும் அவ பேருக்கு வரும்." விரலில் ஒட்டியிருந்த வெண்டைக்காய் விதையைத் தட்டிவிட்டாள். "அவிய செத்தாத்தான்."

அவர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். காலண்டர் இருந்தது, சாமி படம் இருந்தது.

"உனக்கு..." என்று தொடங்கினார். பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்றார்.

"எனக்கென்ன. இருக்கேன்."

"படம் ஒண்ணும் மாட்டலியா?"

"ஆர்டர் வரட்டும்னு இருக்கேன்."

ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் தூக்கிக் குடித்தார். நெஞ்சில் கொஞ்சம் சிந்தியது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அத்தையின் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். செய்தித்தாள் நாற்காலியிலேயே கிடந்தது.

மாடியிலிருந்து முகத்தை மறைக்கும் துணிக்குவியலோடு இறங்கிய அம்மா, படியில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். இரும்பு கேட்டைத் தாண்டி அவர் முதுகு நாவல் மரத்தடியில் போவதையே எட்டிப் பார்த்தாள்.

"யாரு அது? வீட்டுக்கு வந்த மனுஷன், சொல்லாம கொள்ளாம போறாரு?"

"துட்டி கேக்க வந்தாவ," என்றாள் அத்தை. "துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லுவாவளா மதினி?"